வீட்டில் பென்டோ கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்டோ என்பது பெட்டியில் கட்டி எடுத்துப்போகும் ஜப்பானியச் சாப்பாடு. ஜப்பானில் அதைக் காலை ஆறரை, ஏழு மணிக்குக் கட்டிப் பன்னிரண்டு மணி வாக்கில், பெரும்பாலும் சூடாக்காமலே சாப்பிடுகிறார்கள். சமைத்துச் சாப்பிடுவதற்கு நடுவே ஐந்து மணி நேரம் ஓடிவிடுகிறது. எந்த அரிசி, எவ்வளவு உப்பு, எப்போது மூடி போடுவது என்பதெல்லாம் இந்த ஐந்து மணி நேரத்தை ஒட்டியே முடிவாகின்றன. கீழே பெரிய கரண்டி என்றால் 15 மி.லி., சிறிய கரண்டி 5 மி.லி. அரிசி அளக்கும் 1 கோ என்பது 180 மி.லி., எடையில் 150 கிராம்.

எந்த அளவுப் பெட்டி வாங்க வேண்டும்?

பெட்டியின் அடியிலோ அட்டையிலோ மி.லி. கணக்கு இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். அலுவலகம் போகும் பெண்களுக்கு 500 முதல் 600, ஆண்களுக்கு 800 முதல் 900, மழலையர் பள்ளிக் குழந்தைக்கு 300 மி.லி. அளவில் எடுப்பது வழக்கம். பெட்டியின் இடத்தைச் சோறு 3, மீன், இறைச்சி, முட்டை, சோயா வகையில் ஏதாவது ஒன்று 1, காய்கறி 2 என்ற பங்கில் பிரித்து இடைவெளி விடாமல் அடைத்தால், மி.லி. எண்ணும் கலோரி எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக வரும். 600 மி.லி. பெட்டியில் சுமார் 600 கலோரி. வறுவலாகவே அடைத்தால் இந்தக் கணக்கு நிற்காது.

ஒரு கோ அரிசி 330 முதல் 350 கிராம் சோறாகும். 600 மி.லி. பெட்டிக்கு 170 கிராம் போதும் என்பதால், ஒரு கோவில் இரண்டு பெட்டி நிரம்பும். பெரிய பெட்டியாக வாங்கிப் பாதி நிரப்பலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். ரயில் நிலையப் படிக்கட்டு ஏறி இறங்குவதற்குள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடும்.

பிளாஸ்டிக், அலுமினியம், மரம்: எது நல்லது?

தினமும் கட்டுபவர்களுக்கு, ரப்பர் வளையமும் நாலு பக்கப் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் பெட்டிதான் தலைவலி இல்லாதது. அலுமினியம் லேசானது, சீக்கிரம் ஆறும். ஆனால் உமேபோஷியின் (உப்பில் ஊறிய உமே என்னும் புளிப்பான ஜப்பானிய பிளம் வகைக் காய்) புளிப்பும் உப்பும் உலோகத்தை அரிக்கும். அதே இடத்தில் பல மாதம் வைத்தால் சிறு குழிகள் விழும், ஆகவே மூடியில் படாமல் சோற்றுக்குள் அழுத்தி வையுங்கள்.

மாகேவப்பா என்பது மெல்லிய மரப்பலகையை வளைத்துச் செய்யும் பெட்டி. அகிதா மாநிலத்தின் ஓதாதே ஊர் இதற்குப் பேர் போனது, அங்கே செய்வது அகிதா செடார் மரத்தில். பூச்சில்லாத மரம் சோற்றின் மிகை ஈரத்தை உறிஞ்சுவதால் சோறு மதியம் வரை நசநசக்காது. வைக்கும் முன் உள்ளே தண்ணீர் காட்டித் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பருக்கை ஒட்டும். கழுவ வெந்நீரும் நார்த் தேய்ப்பானும் போதும். டிஷ்வாஷர், மைக்ரோவேவ் இரண்டும் ஆகாது. முழுதாகக் காயாமல் அலமாரியில் வைத்தால் கரும்புள்ளி விழும், அது போகாது. மூடி இறுகப் பூட்டாது என்பதால் சாறுள்ள எதையும் இதில் வைக்காதீர்கள்.

பொன்னியோ பாஸ்மதியோ போட்டால் என்ன?

சாப்பிடலாம். ஆனால் ஆறியதும் விறைத்துக்கொள்ளும், குச்சியில் எடுக்க வராது. இவ்வகை அரிசியில் அமைலோஸ் என்னும் மாவுப்பொருள் அதிகம், அதுதான் ஆறும்போது சோற்றை இறுக்குகிறது. கோஷிஹிகாரி போன்ற குட்டை ஜப்பானிய அரிசியில் அது குறைவு. கோஷிஹிகாரியிலிருந்து வந்த மில்க்கி குயீன் ரகத்தில் இன்னும் குறைவு, ஆறினாலும் மிருதுவாகவே இருப்பதால் பென்டோவுக்கென்றே வாங்குபவர்கள் உண்டு.

மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, கோடையில் அரை மணி, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். கோவுக்கு 200 மி.லி. தண்ணீர். வெந்ததும் பத்து நிமிடம் திறக்காமல் விட்டு, பிறகு அடியிலிருந்து கிளறி ஆவியை வெளியேற்ற வேண்டும். இந்தக் கிளறலைத் தவிர்த்தால் அடிச்சோறு களியாகவும் மேல்சோறு வறண்டும் போகும்.

மிஞ்சிய சோற்றை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 0 முதல் 5 டிகிரிக்குள்தான் சோறு மிக வேகமாக விறைக்கிறது. சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் தாளில் தட்டையாகச் சுற்றி, ஆறியதும் ஃப்ரீசரில் போடுங்கள். காலையில் நடுவரை ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டுப் பெட்டியில் வைக்கலாம்.

சூட்டோடு மூடினால் என்ன ஆகும்?

ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி, சொட்டுச் சொட்டாகச் சோற்றிலும் வறுவலிலும் விழும். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்த இடம் கிருமிக்கு வேண்டிய இடம். 20 முதல் 50 டிகிரிக்குள் அவை வேகமாகப் பெருகும், மூடிய பெட்டி அந்தச் சூட்டில்தான் வெகுநேரம் நிற்கும். மதியம் மூடி திறக்க வராமல் இறுகிக்கொண்டால், அதுவும் சூட்டோடு மூடியதன் விளைவே. உள்ளே காற்று ஆறிச் சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்திருக்கும்.

சமையலைத் தொடங்கும்போதே சோற்றைப் பெட்டியில் மெல்லப் பரப்பிவிடுங்கள். மற்றதைச் செய்து முடிப்பதற்குள் அது ஆறிவிடும். அவசரமென்றால் பெட்டியை ஐஸ் பேக் மேல் வைத்து விசிறுங்கள். வறுவல், பொரியல்களைக் குவிக்காமல் அகலத் தட்டில் பரப்புங்கள். பெட்டியின் அடியில் கை வைத்தால் வெதுவெதுப்புத் தெரியக் கூடாது. அதுவரை மூடி வேண்டாம்.

காலையில் அரை மணி நேரத்தில் முடியுமா?

முடியும். எந்தச் சமையல் முதலில் என்பதில்தான் சூட்சுமம். ஒரே வாணலியில் முதலில் முட்டை, அடுத்து காய், கடைசியில் மீன் அல்லது இறைச்சி. இந்த வரிசையில் நடுவே கழுவத் தேவையில்லை, துடைத்தாலே போதும். ஒரே பானை வெந்நீரில் முதலில் புரோக்கோலி, அடுத்து கீரை, கடைசியில் சாசேஜ். சோற்றுக்கு முன்னிரவே டைமர் வைத்துவிடலாம். கோடை இரவில் மட்டும் அரிசியை வெளியே ஊறவிடாமல் ஃபிரிட்ஜில் ஊறவைத்துக் காலையில் அடுப்பேற்றுங்கள், புளித்த வாடை வராது.

அந்த அரை மணியில் ஆறும் நேரம் அடங்காது. வீட்டைவிட்டுக் கிளம்ப இருபது நிமிடம் முன்பே அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

தமாகோயாகி பிரிந்துபோகிறது, மதியம் தண்ணீர் விடுகிறது. ஏன்?

இது முட்டையை மெல்லிய அடுக்குகளாகச் சுருட்டிச் செய்வது. தண்ணீர் விடுவதற்குக் காரணம் தாஷி (கொம்பு கடற்பாசியிலோ கட்சுவோபுஷி மீன் சீவலிலோ எடுக்கும் சாறு) அதிகமாவது. உடனே தட்டில் பரிமாறும் தமாகோயாகியில் தாஷி தாராளமாக இருக்கலாம், பென்டோவுக்கு அது ஒத்துவராது. 2 முட்டைக்கு தாஷி 1 பெரிய கரண்டி, சர்க்கரை 2 சிறிய கரண்டி, சோயா சாஸ் அரை சிறிய கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. தாஷியில் அரை சிறிய கரண்டி உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைக் கரைத்து ஊற்றினால் சாறு முட்டைக்குள்ளேயே நிற்கும்.

முட்டையை நுரைக்க அடிக்காமல், வெள்ளைக்கருவைக் குச்சியால் வெட்டுவதுபோல் கலக்குங்கள். நீள்சதுரத் தவாவை நடுத்தரத் தீயில் காயவைத்து, எண்ணெய் நனைத்த தாளால் மூலைவரை துடையுங்கள். முட்டை தோய்ந்த குச்சி நுனியை வைத்தால் 'ஸ்ஸ்' என்று உடனே இறுக வேண்டும், அதுதான் பதம். மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, எழும் கொப்புளத்தை உடைத்து, மேற்பரப்பு பாதி இறுகியதும் உங்கள் பக்கமாகச் சுருட்டி, எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். மீண்டும் எண்ணெய் துடைத்து அடுத்த பங்கை ஊற்றும்போது, சுருளைக் குச்சியால் தூக்கி அடியிலும் முட்டை ஓடவிட வேண்டும். இதை மறந்தால் அடுக்கு ஒட்டாது, வெட்டும்போது பிரியும். முழுதாகக் காய்ந்த அடுக்கும் ஒட்டாது.

முதல் சுருட்டல் கோணலானால் கவலை வேண்டாம், கடைசி அடுக்கு அதை மறைத்துவிடும். எடுத்ததும் சமையல் தாளில் இறுக்கிச் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். உள்சூட்டில் நடுப்பகுதி வேகும், வடிவமும் பிடிக்கும். ஆறிய பிறகே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் ஈரப் பளபளப்பு தெரிந்தால் அது பென்டோவுக்கு வேகவில்லை என்று பொருள்.

கராஆகே நமத்துப் போகாமல் இருக்க?

கராஆகே என்பது ஜப்பானியக் கோழி வறுவல். தோலுள்ள கோழித் தொடைக்கறி 250 கிராம், 30 கிராம் துண்டுகள். சோயா சாஸ் ஒன்றரை பெரிய கரண்டி, சாகே (அரிசி மது) 1 பெரிய கரண்டி, துருவிய இஞ்சி 1 சிறிய கரண்டி, பூண்டு கொஞ்சம் சேர்த்து அரை மணி ஊறவைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து உருளைக்கிழங்கு ஸ்டார்ச் புரட்டுங்கள். கோதுமை மாவு மட்டும் போட்டால் ஆறியதும் மெத்தென்று ஆகிவிடும். 170 டிகிரியில் மூன்று நிமிடம் பொரித்து, வெளியே நான்கு நிமிடம் வைத்து, 190 டிகிரியில் ஒரு நிமிடம். தாளில் போடாமல் கம்பி வலையில் ஆறவிடுங்கள். தாளில் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே நனையும்.

முந்தின இரவே பொரித்திருந்தால், காலையில் ஓவன் டோஸ்டரில் நடுவரை சூடேறும்படி வாட்டி, மறுபடி ஆறவிட வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள்.

ஆறினால் கொழுப்பு வெள்ளையாக உறைகிறதே?

மாட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்கு மேல்தான் உருகும், பன்றிக் கொழுப்பும் அறைச் சூட்டில் உறைந்தே இருக்கும். கோழிக் கொழுப்பு 30 டிகிரியை ஒட்டி உருகுவதால் வாயில் தங்காது. பென்டோவில் கோழியும் மீனும் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். மாடோ பன்றியோதான் வேண்டுமென்றால் கொழுப்பு நீக்கிய மெல்லிய சீவலாக எடுங்கள். ஆறிய உணவில் ருசி மட்டுப்படும், உப்பையும் இனிப்பையும் ஒரு பிடி தூக்கலாகவே வைக்கலாம்.

கீரை, காய் தண்ணீர் விடாமல் செய்வது எப்படி?

பென்டோ கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாலக் 200 கிராமை, தண்டு முதலில் அரை நிமிடம், இலை பிறகு இருபது விநாடி என வெந்நீரில் காட்டி, குளிர்ந்த நீரில் போட்டுப் பிழியுங்கள். பிழிந்ததன்மேல் 1 சிறிய கரண்டி சோயா சாஸ் தெளித்து, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி பிழியுங்கள். உப்பு உள்ளே இருந்த தண்ணீரை இழுத்திருக்கும், முதல் பிழியலில் வராத பச்சைச் சாறு இப்போது விரலிடுக்கில் வழியும். பிறகுதான் பொடித்த எள் 2 பெரிய கரண்டி, சர்க்கரை 2 சிறிய கரண்டி, சோயா சாஸ் 1 சிறிய கரண்டி சேர்த்துப் பிசற வேண்டும். இதுதான் கோமாஆயே. எள் மிச்ச ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். இன்னும் பயமாக இருந்தால் கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை கட்சுவோபுஷி சீவலைத் தூவுங்கள்.

புரோக்கோலியை வேகவைத்தபின் தண்ணீரில் போடக் கூடாது, பூவுக்குள் போன நீர் வெளியே வராது. தலைகீழாகக் கவிழ்த்து ஆறவிடுங்கள்.

தண்ணீரே விடாத காய் வேண்டுமென்றால் கின்பிரா. கோபோ (பர்டாக்) வேர் 150 கிராம், கேரட் 50 கிராம், இரண்டையும் தீக்குச்சிபோல் நறுக்கி, 1 பெரிய கரண்டி எள்ளெண்ணெயில் வதக்குங்கள். சர்க்கரை, மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது), சோயா சாஸ் தலா 1 பெரிய கரண்டி ஊற்றி, சட்டியின் அடியில் சாறு துளியும் தெரியாதவரை வற்றவிட்டு, காய்ந்த மிளகாய் வட்டங்கள் சில. ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

எதை முதலில் வைப்பது?

முதலில் சோறு, பிரிவுப் பக்கம் சரிவாக. அடுத்து மீன், கராஆகே போன்ற வளையாத பெரிய துண்டுகள், அந்தச் சரிவில் சாய்த்து. பிறகு தமாகோயாகி, பிறகு கிண்ணத்தில் கீரை. கடைசியில் எஞ்சிய இடுக்குகளில் சாசேஜ், செர்ரி தக்காளி, ஒரு துண்டு புரோக்கோலி. மூடுமுன் பெட்டியை லேசாகச் சாய்த்துப் பாருங்கள், எதுவும் நகரக் கூடாது. பிரிப்பானாகப் பச்சை லெட்யூஸ் இலையைப் பயன்படுத்த வேண்டாம், சூடும் உப்பும் பட்டுத் தண்ணீர் விடும். சிலிகான் கிண்ணமோ, பச்சை பிளாஸ்டிக் பாரான் இலையோ போதும்.

நோரிபென் (சோற்றின்மேல் நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாள் வைத்த பென்டோ) கட்டுபவர்கள் கவனிக்க: நோரித் தாளை முழுதாக விரித்தால் முதல் வாயிலேயே மொத்தமும் உரிந்து வந்துவிடும். ஒரு அங்குலத் துண்டுகளாகக் கிழித்து, ஒரு பக்கம் மட்டும் சோயா சாஸைத் தொட்டு, அந்தப் பக்கம் சோற்றில் படும்படி ஒட்டுங்கள். மேல்பக்கம் நனைந்தால் மூடியில் ஒட்டிக்கொள்ளும்.

உமேபோஷி ஒன்று வைத்தால் கெடாதாமே?

அது தொட்டிருக்கும் சோற்றைத்தான் காக்கும், பெட்டி முழுவதையும் அல்ல. பழைய முறையில் 18 முதல் 20 சதவீத உப்பில் போட்டதற்கே அந்தக் குணம். தேனில் ஊறிய, உப்புக் குறைந்த வகை ருசிக்கு மட்டும். பலன் வேண்டுமானால் கொட்டை நீக்கிப் பிய்த்துச் சோறு முழுக்கக் கலக்குங்கள். அரிசி வேகும்போதே கோவுக்கு 1 சிறிய கரண்டி வினிகர் சேர்ப்பதும் உண்டு. புளிப்புத் தெரியாது.

மழைக்காலத்திலும் கோடையிலும் எதைத் தவிர்ப்பது?

ஜூன் மழை தொடங்கி செப்டம்பர் வரை: காய் கலந்து வேகவைத்த சோறு, வறுத்த சோறு, உருளைக்கிழங்கு சாலட், அரைவேக்காட்டு முட்டை, சூடாக்காத ஹாம், சிகுவா (அரைத்த மீனில் செய்யும் குழல்). சோற்றிலும் நூடுல்ஸிலும் வரும் செரியஸ் கிருமியின் வித்துக்கள் கொதித்தாலும் சாகா. இரவு முழுக்கப் பானையில் கிடந்த கறி, குழம்பு வகையில் வெல்ஷ் கிருமி வளரும். கைப் புண்ணிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, அதனால் ஒனிகிரியை (சோற்று உருண்டை) வெறுங்கையால் பிடிக்காமல் பிளாஸ்டிக் தாளில் வைத்துப் பிடியுங்கள். இறைச்சியின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடம் இருக்க வேண்டும்.

செர்ரி தக்காளியின் காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவித் துடையுங்கள், அழுக்கு காம்படியில்தான் தங்கும். ஐஸ் பேக்கைப் பெட்டியின் மேல் வையுங்கள், குளிர் கீழ்நோக்கி இறங்கும்.

உறைந்த உணவை அப்படியே வைக்கலாமா?

'இயல்பாக உருகவிடலாம்' என்று உறையில் அச்சிட்ட கடைப் பொருளை மட்டும். அவை அதற்கென்றே சோதித்துத் தயாரிக்கப்படுபவை. வீட்டில் உறையவைத்ததை நன்றாகச் சூடாக்கி, ஆறவைத்துத்தான் வைக்க வேண்டும்.

சிறு குழந்தைக்குக் கட்டும்போது?

செர்ரி தக்காளி, திராட்சை, காடை முட்டை ஆகியவை முழுதாக இருந்தால் தொண்டையில் அடைக்கும். நாலாக வெட்டச் சொல்கிறது ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை. வெட்டினால் தக்காளி தண்ணீர் விடும், கோடையில் அதுவும் சரியில்லை. அந்த மாதங்களில் நிறத்துக்கு வேகவைத்த கேரட்டோ சிவப்புக் குடைமிளகாயோ வைத்துவிடுங்கள். ஐந்து வயது வரை கடினமான பருப்பு, கொட்டை வகைகளும் வேண்டாம்.

கரடி, பூனை முகம் செய்யும் கியாராபென்னில் கை படுவது அதிகம், இடுக்கியால் வேலை செய்யுங்கள். நோரிக் கண், மூக்கு சோற்றின் ஈரத்தில் சுருங்கும். சீஸ் தாளில் ஒட்டி, சீஸோடு சேர்த்து வெட்டி வைத்தால் உருவம் மாறாது.

சைவமாக, அல்லது பன்றியும் மதுவும் இல்லாமல் கட்ட முடியுமா?

ஜப்பானில் வாழும் தமிழர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். முடியும், ஆனால் மீன் மறைந்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாஷித் தூள், மென்த்சுயு (நூடுல்ஸுக்கான சாறு), சோற்றில் தூவும் பல ஃபுரிகாகே ஆகியவற்றில் கட்சுவோ மீன் உண்டு. பதிலாக, 10 கிராம் கொம்பு கடற்பாசியை 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைத்தால் சைவ தாஷி தயார். உலர்ந்த ஷிடாகே காளான் ஊறிய நீரைச் சேர்த்தால் ருசி கூடும். முக்கிய உணவுக்கு வறுத்த டோஃபு வகைகளும், உலர்த்திய கோயாதோஃபுவும் இருக்கின்றன. உலர்ந்த கோயாதோஃபுவின் எடையில் பாதி புரதம். சாற்றில் வேகவைத்து, பெட்டியில் வைக்குமுன் இரு உள்ளங்கைக்கு நடுவே அழுத்திப் பிழிய மறக்காதீர்கள்.

மிரினில் 14 சதவீத அளவில் மது உண்டு. வேண்டாதவர்கள் 1 பெரிய கரண்டி மிரினுக்குப் பதில் 1 சிறிய கரண்டி சர்க்கரையையும் 1 பெரிய கரண்டி தண்ணீரையும் சேர்க்கலாம். சாகேவை விட்டுவிட்டு இஞ்சியைக் கூட்டுங்கள். சாசேஜ் பெரும்பாலும் பன்றி, உறையைப் படித்து வாங்குங்கள்.

அலுவலகத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது. வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

அலுமினியக் கிண்ணத்தை எடுத்துவிட்டு சிலிகான் வையுங்கள். முழு வேகவைத்த முட்டை வெடிக்கும், பாதியாக வெட்டினாலும் மஞ்சள் கரு தெறிக்கலாம், எடுத்து ஓரமாக வைப்பதே மேல். மூடியைக் கழற்றிவிட்டே சூடாக்குங்கள்.

பெட்டியில் மீன் வாடை போகவில்லை.

வாடை பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் இல்லை, மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் இருக்கிறது. வளையத்தை மரக்குச்சியால் நெம்பி எடுத்து, பள்ளத்தைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பிறகு பெட்டி, மூடி, வளையம் மூன்றையும் 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 4 பெரிய கரண்டி பேக்கிங் சோடா கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். அலுமினியப் பெட்டியைச் சோடாவில் போடாதீர்கள், கறுத்துவிடும். வளையம் தளர்ந்தோ கருத்தோ போயிருந்தால் அதை மட்டும் தனியாக விற்கும் பெட்டிகள் உண்டு, வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.